முப்பத்தெட்டுப் பல் குறித்து சம்பந்திக்கு எழுதியது

பேரன்பும் பெருமதிப்பும் உள்ள சம்பந்தி இசொகாயா செய்ச்சிரோ அவர்களுக்கு,

கக்கெகாவாவிலிருந்து குராமோச்சி தெய்ஜி தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது. இங்கே மலைச்சரிவுகளில் தேயிலை பூத்துவிட்டது. காலையில் ஜன்னலைத் திறந்தால் மூக்கு நுனி சில்லிடுகிறது. தங்கள் இடுப்பு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததென்றும், புது மூட்டு தங்களோடு ஒத்துப்போகிறதென்றும், ஒரு நாளைக்கு எத்தனை பாகை மடக்கலாம் என்று நர்ஸைக் கேட்டுத் தாங்கள் நோட்டில் குறித்து வருவதாகவும் மகள் சிஸுரு வாயிலாக அறிந்து நானும் மனைவி மிட்சுயோவும் மிகவும் மகிழ்ந்தோம். எங்கள் மகளைத் தங்கள் வீட்டு மருமகளாக ஏற்றுக்கொண்ட நாள் முதல் தாங்கள் காட்டிவரும் பரிவுக்கு என்ன கைம்மாறு செய்வதென்று நாங்கள் இருவரும் அடிக்கடி பேசிக்கொள்வது உண்டு. செய்த கைம்மாறு என்னவென்று கீழே எழுதியிருக்கிறேன். உட்கார்ந்து படிக்கவும். உட்கார அனுமதி இன்னும் கிடைக்கவில்லையென்றால் படுத்தே படிக்கவும்.

தங்கள் அட்டை செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. இரண்டே வரி. "கார் எப்படி ஓடியது? சொன்னபடி செய்தீர்களா?" இந்த இரண்டு வரிக்குப் பதில் எழுத எனக்கு மூன்று நாள் பிடித்திருக்கிறது. இதிலிருந்தே விஷயம் என்னவென்று தங்களுக்குப் பாதி விளங்கியிருக்கும். மீதியை முறையாக, முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் தாங்கள் ரிமோட் கன்ட்ரோல் பந்தயக் காரை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது நினைவிருக்கும். கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் பெட்டி. அந்த வலியிலும் வாசலில் செருப்பைக் கழற்றி மூக்கு வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தீர்கள். பெட்டிக்குள் கார் இருந்தது. தனியாக, தங்கள் வீட்டம்மாளின் பழைய பட்டுத் துணியில் சுற்றி, மோட்டார் இருந்தது. ஒரே மாதிரி ஏழு மோட்டார் வாங்கி, ஒரு வசந்த காலம் முழுக்க ஒவ்வொன்றாகச் சுழலவிட்டு, எது எத்தனை சுற்று சுற்றுகிறது, எது எவ்வளவு சூடாகிறது என்று எழுதிவைத்து, கடைசியில் தேறியதன் முதுகில் தூரிகையால் 'ஏழு' என்று எழுதியிருந்தீர்களே, அந்த மோட்டார். கூடவே ஒரு தாள். மோட்டாரின் அச்சில் மாட்டும் சின்னப் பல்சக்கரத்துக்கு முப்பத்துநான்கு பல். அதன் கீழே, "மாற்றக் கூடாது." அதன் கீழே இரண்டு கோடு.

இந்தக் கடிதம் எப்படியும் சிஸுரு கைக்குப் போகும், அவள் தங்களுக்குப் படித்துக் காட்டினாலும் காட்டுவாள் என்பதால், அவளுக்கும் விளங்குகிற மாதிரி இரண்டு வார்த்தை சேர்த்துக்கொள்கிறேன், தாங்கள் பொறுத்தருள வேண்டும். அம்மா சிஸுரு, மோட்டாரின் சின்னச் சக்கரத்தில் பல் குறைவாக இருந்தால் கார் வளைவிலிருந்து விருட்டென்று கிளம்பும், ஆனால் நேர்ப்பாதையில் ஓரளவுக்கு மேல் வேகம் வராது. பல்லைக் கூட்டினால் நேர்ப்பாதையில் பறக்கும், ஆனால் மோட்டார் பாவம், பாரம் தாங்காமல் சூடாகும். ஆகவே ஒவ்வொரு தடத்துக்கும் எத்தனை பல் என்று பார்த்துப் பொருத்த வேண்டும். கணக்கு வாத்தியாராக இருந்த உன் மாமனார் அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பார். உன் அப்பா, அதாவது நான், கேட்டுக் கண்டுபிடிப்பேன். முப்பத்தாறு வருஷம் பேருந்து ஓட்டியவன் காதுக்குத் தெரியும், வண்டிக்கு என்ன குறை என்று. இவ்வளவுதான் எங்களுக்குள் வித்தியாசம்.

தாங்கள் புறப்படும்போது சொன்னீர்கள், "குராமோச்சி, உங்களுக்கு ஒரே வேலைதான். ஓட்டுறது. யோசிக்கிற வேலையை நான் முடிச்சுட்டேன்." தாங்கள் எந்தக் கெட்ட எண்ணத்திலும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் நான் மீன் முள்ளோடு முழுங்கினேன் என்று மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை, பயிற்சிக்குப் போனேன். நம் தடம் இருக்கும் யொகோயின் மரக்கிடங்குக்குப் பின்னால் அன்றைக்கு நல்ல வெயில். அறுபது தாண்டியவர்கள் போட்டிக்கு இந்த வருஷம் ஐந்து பேர். பல் டாக்டர் உசுதா சுமியே எப்போதும்போல மடக்கு நாற்காலி, வெயில் தொப்பி, தேநீர் குடுவை சகிதம் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். நாலு வருஷமாக வெற்றிக் கோப்பையைத் தன் வீட்டிலேயே வைத்திருப்பதால் திருப்பிக் கொண்டுவரும் சிரமம் வேண்டாமென்று யொகோயிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தங்கள் தாளில் உள்ளபடியே முப்பத்துநான்கு பல்லை மாட்டி, இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவே காகிதத் துண்டு வைத்து இடைவெளி பார்த்து, எல்லாம் சரியாகத்தான் செய்தேன். கார் வளைவிலிருந்து ஈ மாதிரி கிளம்பியது. ஆனால் நேர்ப்பாதையில் பாதி தூரம் போனதும் கீச்சென்று ஒரே குரலில் கத்திக்கொண்டு அப்படியே நின்றமாதிரி ஓடுகிறது. டாக்டரம்மாவின் மஞ்சள் கார் பக்கத்தில் வந்து, கொஞ்ச நேரம் கூடவே ஓடி, பிறகு போய்விட்டது. ஒரு தடவை இல்லை. பதினோரு தடவை.

"டிரைவர் சார், உங்க வண்டி நேர்ல வந்ததும் மூச்சு வாங்குது" என்றார்.

"சம்பந்தி கணக்குப் போட்டுக் குடுத்தது டாக்டரம்மா. முப்பத்திநாலு பல்."

"வளர்ந்த மனுஷனுக்கு முப்பத்திரெண்டு பல்தான். இவர் ரெண்டு கூடவே குடுத்திருக்கார். அதுவே தாராளம்னு நெனைச்சிருப்பார். வாத்தியார்ங்க பயந்த சுபாவம்."

சம்பந்தி, தங்களைப் பயந்த சுபாவம் என்று ஒரு மூன்றாம் மனுஷி சொல்லும்போது நான் சும்மா இருப்பதா? சும்மாதான் இருந்தேன். உள்ளுக்குள்ளே ஒரு மாதிரி சந்தோஷமாகக்கூட இருந்தது. பொய் சொல்லி என்ன பண்ண.

அப்புறம் யொகோய் வந்தான். "அண்ணே, ரெண்டு பல் கூட்டிப் பாருங்க. ரெண்டே ரெண்டு. மூணு நிமிஷம் ஓட்டிட்டு மோட்டார் மேல விரலை வைங்க. அஞ்சு எண்ணுற வரைக்கும் வைக்க முடிஞ்சா ஒண்ணும் பயமில்ல. முடியலைன்னா பழசையே மாட்டிடுங்க" என்றான். நான் தங்கள் தாளை எடுத்து ஒரு தடவை படித்தேன். மடித்து மேல்சட்டைப் பையில் வைத்தேன். பையின் பொத்தானைப் போட்டேன். முப்பத்தாறு பல்லை மாட்டினேன். சம்பந்தி, என்ன சொல்ல, அது வேற வண்டி. நேர்ல போறச்சே சத்தம் ஏறிக்கிட்டே போகுது, கடைசி வரைக்கும் ஏறுது. டாக்டரம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வெச்சுட்டு எழுந்து நின்னு பார்த்தாங்க. மூணு நிமிஷம் கழிச்சு விரலை வெச்சேன். அஞ்சு எண்ணினேன். சுகமா இருந்தது. வெந்நீர்த் தொட்டியிலே இறங்கின மாதிரி.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் ஒரு அட்டையிலேயே முடிந்திருக்கும். ஆனா மனுஷனுக்கு ரெண்டு பல் இவ்வளவு குடுத்தா நாலு பல் எவ்வளவு குடுக்கும்னு தோணுமா தோணாதா? கணக்கு எனக்கும் வரும்னு காட்டணும்னு தோணுச்சு. சாயங்காலத் தேநீர் நேரத்துல எல்லாரும் அந்தப் பக்கம் பலகாரம் தின்னுக்கிட்டிருந்தாங்க, நான் இந்தப் பக்கம் முப்பத்தெட்டை மாட்டினேன். ஓட்டினேன். பறந்தது. யொகோய் தூரத்திலிருந்தே பார்த்துட்டு வெப்பமானியை எடுத்துக்கிட்டு வந்தான். வேண்டாம்ப்பா, விரல் இருக்குன்னேன். விரலை வெச்சேன். அஞ்சு எண்ணினேன். பத்து எண்ணினேன். பன்னிரண்டு வரைக்கும் எண்ணிட்டு, போதும்னு எடுத்தேன். இங்கே ஒரு சின்ன விஷயத்தை நான் கவனிக்கத் தவறிவிட்டேன் என்று பிறகு மிட்சுயோ சொன்னாள். முப்பத்தாறு வருஷம் கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் துணி இல்லாமல் திறந்த விரல் அது. அந்த விரலை அடுப்பில் வைத்தாலும் பன்னிரண்டு எண்ணுவேனாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிஸுரு நகோயாவிலிருந்து போன் பண்ணினாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். "அப்பா, மாமா கேட்டா என்ன சொல்ல? அவர் சொன்ன மாதிரியேதானே இருக்கு?" என்று கேட்டாள். நான், "அப்படியே இருக்கும்மா" என்றேன். பின்னாலேயிருந்து மிட்சுயோ என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. போனை வைத்ததும், "அவர் பட்டுத்துணியில சுத்திக் குடுத்ததை நீங்க என்ன பண்ணியிருக்கீங்க?" என்றாள். "ரெண்டு பல் கூட்டினேன்" என்றேன். அதுவும் பொய். நாலு. ஒரு காலை வேளையில் மகளிடம் ஒன்று, மனைவியிடம் ஒன்று. தங்களுக்கு இந்தக் கடிதத்தில் ஒரு பொய்யும் சொல்லக் கூடாது என்று தீர்மானித்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போட்டி ஐந்து நிமிஷம். ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடையில் எனக்கு வலது பக்கத்தில் டாக்டரம்மா. கொடி விழுந்தது. முதல் வளைவிலேயே என் கார் கொஞ்சம் மந்தம்தான், நாலாவதாகப் போச்சு. ஆனா நேர்ப்பாதை வந்தது பாருங்க. ரெண்டு பேரை ஒரே மூச்சுல தாண்டிச்சு. அடுத்த சுத்துல மஞ்சள் கார். டாக்டரம்மா ஒண்ணும் பேசலை. நாலு வருஷத்துல அவங்க பேசாம ஓட்டினது அன்னைக்குத்தான். மூணு நிமிஷம் நான் முன்னாலே. மூணு முழு நிமிஷம். சம்பந்தி, அந்த மூணு நிமிஷத்துல நான் என்ன நினைச்சேன்னு தெரியுமா. உங்களை ஜெயிச்சதா நினைக்கலை. அட, இவர் இங்கே நின்னு இதைப் பார்க்கலியே, பக்கத்துல இருந்தா 'வளைவுல அவசரப்படாதீங்க குராமோச்சி'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரேன்னுதான் இருந்தது. எனக்கே ஆச்சரியமாயிருந்தது.

நாலாவது நிமிஷம் டாக்டரம்மா கண்ணைத் தடத்திலிருந்து எடுக்காமலே, "டிரைவர் சார், உங்க பக்கத்துல என்னமோ வறுபடுது" என்றார்.

"சோளப்பொரி விக்கிறவன் வந்திருப்பான்."

"சோளத்துக்கு இந்த வாடை வராது. வேகத்தைக் குறைங்க. மோட்டாராவது பொழைக்கும்."

அவர் சொன்னது நல்லதுக்குத்தான். எதிராளி நல்லதுக்குச் சொல்வாள் என்று யாருக்குத் தோன்றும்? என்னை மெதுவாக ஓட வைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். விசையை இன்னும் அழுத்தினேன். கடைசிச் சுற்று. நேர்ப்பாதைக்குள் வந்ததும் கார் சத்தம் குறைய ஆரம்பித்தது. வயசானவர் படி ஏறுகிற மாதிரி, ஒவ்வொரு அடிக்கும் யோசித்து யோசித்து வந்தது. மஞ்சள் கார் தாண்டியது. நீலம் தாண்டியது. பச்சை தாண்டியது. கோட்டுக்கு இரண்டு முழம் முன்னால் தங்கள் கார் நின்றது. அடியிலிருந்து ஊதுபத்தி மாதிரி ஒரே ஒரு கோடு புகை நேராக மேலே போயிற்று. காற்றே இல்லை அன்றைக்கு.

நான் விசையை இன்னும் அழுத்திப் பிடித்தபடி மேடையிலேயே நின்றேன். டாக்டரம்மாதான் இறங்கிப் போனார். தன் காரை அங்கேயே விட்டுவிட்டு, கழுத்துத் துண்டால் தங்கள் காரைப் பிடித்து எடுத்து, கவிழ்த்துப் பார்த்து, சின்னச் சக்கரத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

"முப்பத்தெட்டா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"பல் ஜாஸ்தி. ரெண்டைப் பிடுங்கியிருக்கணும். முன்னாடியே காட்டியிருந்தா நானே பிடுங்கியிருப்பேன்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியின் வீட்டாரிடம் பேசுகிற குரலில்தான் சொன்னார். பரிசாகக் கொடுத்த ஆரஞ்சுக் கூடையிலிருந்து பத்துப் பழம் எடுத்து, "இது இசொகாயா சாருக்கு. மோட்டார் போனதுக்கு என் வருத்தத்தைச் சொல்லிடுங்க" என்று ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். பழங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஆறு இருக்கும்.

யொகோய் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தான். உள்ளே கம்பிச் சுற்று கறுத்துவிட்டது. கரித்துண்டுகள் தேய்ந்து தூளாகிவிட்டன. "அண்ணே, இது இனிமே காகிதம் பறக்காம மேல வைக்கத்தான் ஆகும்" என்றான். துடைத்து, அதே பட்டுத் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்திருக்கிறேன். முதுகில் 'ஏழு' இன்னும் நன்றாகத் தெரிகிறது.

ஏன் செய்தேன் என்று தாங்கள் கேட்கமாட்டீர்கள். கேட்கிற மனுஷர் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் சிஸுருவின் கல்யாண விருந்தில் நான் எழுந்து பேசினேன். இந்தக் கையால் பேருந்து ஓட்டி உலகத்தை நாற்பது தடவை சுற்றிவந்த தூரம் போயிருக்கிறேன் என்று சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். நான் உட்கார்ந்ததும் தாங்கள் என் பக்கம் சாய்ந்து, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், வருஷத்துக்கு எத்தனை நாள் என்று மெதுவாகக் கேட்டீர்கள். நானும் பெருமையாகச் சொன்னேன். காகிதக் கைத்துணியில் எழுதிப் பார்த்துவிட்டு, "இருபத்தாறு" என்றீர்கள். வேறு யாருக்கும் கேட்கவில்லை. அன்றிலிருந்து, தங்கள் கணக்கு ஒன்றாவது, ஒரே ஒன்றாவது, என் கண்முன்னால் தப்பாகப் போக வேண்டும் என்று காத்திருந்தேன். முப்பத்துநான்கு பல் அந்தச் சந்தர்ப்பம் என்று நினைத்துவிட்டேன். அது சரியான கணக்கு. தங்கள் மோட்டாரையும் தங்கள் வீட்டு மருமகளிடம் சொல்லியனுப்பிய வார்த்தையையும் சேர்த்து நான் கருக்கிவிட்டேன். இனி தங்கள் காரைத் தொடுவதாக இல்லை. அடுத்த வருஷம் யொகோயை ஓட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளவும். தாங்கள் எழுந்து நடமாடத் தொடங்கியதும் நேரில் வந்து, பெட்டியை முன்னால் வைத்து, நெற்றி பாயில் படும்படி மன்னிப்புக் கேட்பேன். அதுவரை இந்தக் கடிதத்தையே என் நெற்றியாகக் கருதவும்.

குளிர் நாளுக்கு நாள் கூடுகிறது. இடுப்புக்குச் சூடு வைத்துக்கொள்ளவும். நர்ஸ் சொல்கிற பாகைக்கு மேல் மடக்க வேண்டாம். வீட்டம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கும் சிஸுருவுக்கும் ஆசி. தங்கள் புது மூட்டு நூறு வருஷம் உழைக்கட்டும். தாங்கள் அதற்கும் மேல் ஒரு வருஷம் இருக்கவும்.

தலை நிமிராத,
குராமோச்சி தெய்ஜி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நம்பர் பதினேழு வீட்டு அக்காயிஷி அம்மாள் வந்து கதவைத் தட்டினாள். ஒரு வாரமாக மகள் வீட்டில் இருந்துவிட்டு இன்றைக்குத்தான் திரும்பியிருக்கிறாள். அவள் வீட்டுத் தபால் பெட்டியில் எனக்கு வந்த அட்டை ஒன்று கிடந்ததாம். போட்டிக்கு முந்தின வியாழக்கிழமை தாங்கள் எழுதியது. படுத்துக்கொண்டு எழுதியதால் எங்கள் வீட்டு நம்பர் பதினொன்றின் இரண்டாவது ஒன்று ஏழு மாதிரி விழுந்திருக்கிறது. அட்டையில் இருப்பதை அப்படியே கீழே எழுதுகிறேன்:

"அவசரம். யொகோய் செப்டம்பரில் நேர்ப்பாதையை ஆறு மீட்டர் நீட்டியதை மறந்து பழைய அளவிலேயே கணக்குப் போட்டுவிட்டேன். முப்பத்துநான்கு தப்பு. முப்பத்தெட்டு மாட்டவும். மாற்றக் கூடாது." அதன் கீழே இரண்டு கோடு.

மிட்சுயோ இதை இரண்டு தடவை வாங்கிப் படித்துவிட்டு, மீதி ஆரஞ்சிலிருந்து ஒன்றை உரித்து எனக்குக் கொடுத்தாள். ஆகவே பழம் ஐந்துதான் வருகிறது. மேலே உள்ள எட்டுத் தாளையும் திரும்ப எழுதத் தெம்பில்லாததால் அப்படியே அனுப்புகிறேன். அதில் உள்ள மன்னிப்புகளை மட்டும் இப்போதைக்குத் தாங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டாம். வருகிற வியாழக்கிழமை இரண்டு மணிக்குப் பார்வையாளர் நேரத்தில் வருகிறேன். யார் யாரிடம் கேட்பது என்பதை நேரில் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.